ஒயருக்கு ஒரு கேடும் இல்லை

டாக்டர் என்னைப் பேசக்கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சபைப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கத்திக் கத்தி மேய்த்தவள் நான். சும்மா இருக்கச் சொன்னால் கை துறுதுறுக்கிறது. என் தொண்டை இப்படிப் போனதற்கு அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்லமாட்டேன். காரணம் ஒரு மனிதர், அவரோடு ஒரு ஒயர்.

மனிதர் என் வீட்டுக்காரர், பெயர் ஜெபதாஸ். மஸ்கட்டில் ஒரு ஜெனரேட்டர் கொட்டகையில் மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊருக்கு வந்து சில வருஷங்கள் ஆகின்றன. மணவாளக்குறிச்சியிலிருந்து வடக்கே கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. எந்தச் சாமான் கெட்டாலும் இவர் அதைத் திட்டமாட்டார், தட்டமாட்டார், ஆள் கூப்பிடவும் மாட்டார். அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். பிளக்கை மாற்றுவார், ஒயரை மாற்றுவார், சுவிட்சை மாற்றுவார். "ஒண்ணொண்ணா மாத்திட்டே வரணும் சத்தியம். கடைசியில மாத்தாம மிச்சம் கெடக்கியது எதுவோ, கேடு அதுலதான்" என்பார். சத்தியம் என்பது நான். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் மஸ்கட்டில் பிழைத்தார். எங்கள் வீடும் எங்கள் மகன் எபினின் படிப்பும் அதில் வந்தவைதான். அதனால் அதை நான் குறை சொன்னது கிடையாது.

வீடு என்று சொல்லிவிட்டேன், அதன் பெயரையும் சொல்லிவிட வேண்டும். வாசல் சுவரில் கருங்கல்லில் 'எபெனேசர் இல்லம்' என்று வெட்டி, தங்க வண்ணம் பூசியிருக்கிறார். ஆனால் திங்கள்சந்தையில் ஆட்டோ ஏறி எபெனேசர் இல்லம் என்று சொன்னால் ஒருத்தனுக்கும் தெரியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம செவிடன் வீடா?" என்று கேட்பான்.

அந்தச் செவிடன் என் மாமனார் மாசிலாமணி. திங்கள்சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்றவர். நாற்பது வயதிலேயே காது போய்விட்டது. 'கிலோ என்ன வெல?' என்று கேட்டால் 'இன்னைக்குக் காலத்த பிடுங்கினதாக்கும்' என்பார். 'நல்லா வேவுமா?' என்று கேட்டால் 'மூத்தவன் எட்டாங் கிளாஸ்' என்பார். சந்தையே சிரிக்கும். அதற்கென்றே வந்து கேட்டவர்களும் உண்டாம். எதற்கென்று தெரியாமலே அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கிழங்குக் கூடைக்குப் பக்கத்தில் நின்ற எட்டாங் கிளாஸ் மகனுக்கு மட்டும் எல்லாம் கேட்டது.

அந்த மகன்தான் இவர். பள்ளிக்கூடத்தில் 'செவிடன் மவன்', கிரிக்கெட் மைதானத்தில் 'செவிடன் மவன்', என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் சித்தப்பா விசாரித்ததும் 'செவிடன் மவனா?' என்றுதான். எங்கள் வீட்டில் சொல்லக்கூடாத பழமொழி ஒன்று உண்டு. சங்கு வரும் அதில். சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். ஒருமுறை என் தங்கச்சி வாய்தவறிச் சொல்லிவிட்டு, சாப்பாட்டிலிருந்து அவர் எழுந்து போனதைப் பார்த்து அழுதுவிட்டாள்.

அந்தப் பெயரை அழிக்கத்தான் பாட்டுப் பெட்டி வாங்கினார் என்று நான் நினைக்கிறேன். அவர் சொன்னதில்லை, நானாக ஊகித்ததுதான். மஸ்கட்டிலிருந்து கம்பளிக்குள் பொதிந்து, சின்னப் பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயர். முழங்கால் உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் போட்டாரென்றால் பக்கத்துத் தென்னந்தோப்பில் வேலை செய்கிறவர்களும் கேட்பார்கள். சபையிலும் சவுண்ட் அவர் கையில்தான். கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால் மேஜை போட்டு, பாட்டுக்குழுவுக்கு எவ்வளவு, போதகருக்கு எவ்வளவு என்று திருகிக்கொண்டிருப்பார். 'ஜெபதாஸுக்கக் காது காதாக்கும்' என்று மூப்பர்கள் சொன்ன காலம் உண்டு. அதைக் கேட்டுவிட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்குழம்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார்.

போன ஐப்பசியில் இடி விழுந்து பழைய டிவி போனது. தோஹாவிலிருந்து எபின் புதிது வாங்க ஏற்பாடு செய்தான். சுவரில் ஒட்டிய பலகை மாதிரி ஒரு டிவி வந்தது. அதன் பின்னால் பழைய சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் இல்லை. ஒரு சின்னச் சதுரக் கதவு இருந்தது. திறந்தால் உள்ளே செவ்வெளிச்சம். சத்தம் இனி அந்த வெளிச்சமாகத்தான் வரும், அதை ஒரு கண்ணாடி நூல் போன்ற கேபிளில் ஏற்றி, தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்றில் மறுபடி சத்தமாக்கி, அதன் பிறகே நம் பழைய ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க வேண்டும். இதை எனக்கு அவர் விளக்கியபோது சந்தோஷமாகவே இருந்தார். புதிய சாமானைப் புரிந்துகொள்வதில் அவருக்கு ஒரு ருசி.

நாகர்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கோலப்பன் என்று ஒருவர் கடை வைத்திருக்கிறார். வியாபாரிக்குரிய குணமே இல்லாத வியாபாரி. விலை கூடியதைக் கேட்டால் குறைந்ததை எடுத்துக் காட்டுவார். அன்றைக்கும் அப்படித்தான்.

"அண்ணாச்சி, வீட்டுக்கு இந்தச் சாதாரண ஆப்டிக்கல் கேபிளே போதும். நீளம் மட்டும் அளந்து வாங்குங்க, கூட வாங்கிச் சுத்தி வைக்காண்டாம், முறுக்கினா உள்ள முறிஞ்சு போவும். அவ்வளவுதான் பாக்க வேண்டியது."

இரண்டு பேர் பிரியாணி சாப்பிடுகிற காசுதான் ஆனது. வீட்டுக்கு வந்து மாட்டினார். டிவியில் செய்தி வாசிக்கிற பெண் ஹாலுக்குள்ளேயே உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. நான் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கே" என்றேன்.

அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஸ்பீக்கரையே பார்த்தார். "ஏட்டி, சத்தம் அமுங்கிக் கெடக்கு பாத்தியா? 'ச' வரல்ல, 'ஸ' வரல்ல. கம்பளியப் போட்டு மூடினது மாதிரி."

"நல்லாத்தானே கேக்குது."

"வாய்க்குள்ள முணுமுணுக்காத. ஒயரு செரியில்ல."

இந்த இரண்டு வாக்கியத்தையும் இந்த வருஷம் முழுக்க நான் கேட்டிருக்கிறேன். கேட்கவில்லை என்கிற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. நான் முணுமுணுக்கிறேன். எபின் போன் செய்தால் நெட் சரியில்லை. மீன்காரி கூவினால் அவளுக்குப் பல் இல்லை. போதகர் புதியவர், மைக்கைத் தள்ளிப் பிடிக்கிறார். உலகத்தில் எல்லோருக்கும் ஏதோ ஒரு கோளாறு, பாவம்.

இரண்டாவது கேபிள் வந்தது, தடிமனாக, மேலே நைலான் பின்னல் போட்டது. 'ச' வரவில்லை. தீப்பெட்டிப் பெட்டியை மாற்றினார். வரவில்லை. ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றினார். சத்தத்தைத் துணி குடித்துவிடும் என்று, நான் தைத்துப் போட்டிருந்த திரைகளைக் கழற்றினார். வெயில் நேராக முகத்தில் அடித்தது, 'ச' வரவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் வீட்டில் கூடத்தையே திருப்பிப் போட்டார். சோபா இருந்த இடத்தில் டிவி, டிவி இருந்த இடத்தில் சோபா. ஒருநாள் முழுக்க அதைத் தள்ளுவதற்குக் கூடமாட நின்று எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

எனக்குத் தெரியும், எபினுக்குத் தெரியும். ஒருநாள் வீடியோவில் எபின் பதமாக ஆரம்பித்தான். "அப்பா, வயசானா எல்லாருக்கும் உள்ளதுதான். நாகர்கோயில்ல ஒரு காது டாக்டர்..."

"மக்கா, நெட்டு விட்டு விட்டு வருது. பெறவு கூப்பிடு" என்று அணைத்துவிட்டார். நெட்டுக்கு அன்றைக்கு ஒரு குறையும் இல்லை.

நேராகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் அவருக்குக் கேட்கிற மாதிரிக் கத்திச் சொல்ல வேண்டும். கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அப்பாவின் பெயரிலிருந்து தப்பிக்கக் கடல் தாண்டிப் போய் வந்தவரை, அதே பெயரைச் சொல்லி நானே கூவிக் கூப்பிடுவதா?

ஆனால் மற்றதற்கெல்லாம் கத்தித்தான் ஆக வேண்டியிருந்தது. மோட்டாரை நிறுத்துங்க, சோறு ஆறுது, ஆள் வந்து நிக்குது, மழை வருது. காலையில் எழுந்ததிலிருந்து இதே. பென்ஷன் வாங்கியபிறகு தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும் என்றிருந்தேன். நாற்பது பிள்ளைகளுக்குப் போதுமாயிருந்த சத்தம் இவர் ஒருவருக்குப் போதவில்லை. சித்திரை வாக்கில் குரல் கரகரத்தது, வைகாசியில் பாதி நாள் காற்றுதான் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, குரல் நாணில் தடிப்பு இருக்கிறது என்றார். சத்தம் போடுவதை விட்டால் வற்றிவிடும், விடாவிட்டால் வெட்ட வேண்டிவரும், வெட்டினால் பழைய குரல் திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அதையும் கத்தித்தான் சொன்னேன். "செரியாயிரும், வெந்நீ குடி" என்றார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சமல்ல. அதைவிட அசதி. கோபப்படவும் தொண்டை வேண்டுமே.

அசதியில் எனக்கு ஒரு வழி கிடைத்தது. குறுக்கு வழிதான்.

எங்கள் வீட்டில் விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் உண்டு. பாய் விரித்து, ஒரு பாட்டு, ஒரு வேத வாசிப்பு, பிறகு முழங்காலில் நின்று ஜெபம். ஜெபம் செய்வது நான். கலியாணமான நாளிலிருந்து இதுதான் ஏற்பாடு. "எனக்குக் கோர்வையா வராது, நீ டீச்சர் இல்லியா" என்று முதல் நாளே ஒதுங்கிக்கொண்டார். கடைசியில் 'ஆமென்' மட்டும் அவருடையது. தெருவுக்கே கேட்கிற மாதிரி ஓங்கிச் சொல்வார்.

இந்த வருஷம் அந்த ஆமென் இடம் மாறி விழ ஆரம்பித்தது. நான் மூச்சு வாங்க நிறுத்தினால் ஆமென். தும்மினால் ஆமென். சில நாள் நான் ஜெபத்தை முடித்து, எழுந்து, பாயைச் சுருட்டப் போகும்போதும் கண்ணை மூடிக்கொண்டு முழங்காலிலேயே இருப்பார். என் நிழல் அசைவது தெரிந்தால் திடுக்கிட்டு ஆமென் என்பார். என் ஜெபத்தில் ஒரு சொல்லும் அவருக்குப் போய்ச் சேர்வதில்லை என்று அப்போது எனக்கு உறுதியாயிற்று.

ஆகவே அவர் பக்கத்திலேயே முழங்காலில் நின்று, சாதாரணக் குரலில் ஜெபித்தேன். "ஆண்டவரே, இந்த மனுஷனுக்குக் காது கேட்கவில்லை. அதை ஒத்துக்கொள்ளுகிற மனதை இவருக்குத் தாரும். என் தொண்டை போவதற்குள் தாரும்."

"ஆமென்!" என்றார். ஜன்னல் அதிர்ந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுக்களைக்குப் போய்ச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுகையாகிவிட்டது. அதற்குப் பிறகு தினமும் அதையே ஜெபித்தேன். தினமும் அவரும் மனப்பூர்வமாக ஆமென் சொன்னார். கேட்பவளும் கொடுக்க வேண்டாமென்பவரும் ஒரே பாயில் முழங்காலிட்டு நின்றால் ஆண்டவருக்கும் குழப்பமாகத்தான் இருந்திருக்கும்.

பிறகு அறுப்பின் பண்டிகை வந்தது. ஆராதனை முடிந்து, கோயில் முற்றத்தில் வாழைக்குலையும் பலாச்சக்கையும் சேவலும் ஏலம் போவதற்கு முன்னால் போதகர் நீண்ட ஜெபம் ஒன்று செய்வது வழக்கம். எல்லோரும் கண்ணை மூடி நின்றோம். ஸ்பீக்கரில் ஊசி மாதிரி ஒரு விசில் கிளம்பியது. கூடிக்கொண்டே போனது. கைக்குழந்தைகள் வீறிட்டன. கிழவிகள் காதைப் பொத்தினார்கள். போதகர் ஜெபத்தை நிறுத்திவிட்டார். சபை முழுவதும் கண்ணைத் திறந்து பின்னால் திரும்பிப் பார்த்தது. மேஜைக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் கைகூப்பி, கண்ணை மூடி, முகத்தில் அவ்வளவு அமைதியோடு நின்றார். அந்த விசிலைக் கேட்காத ஒரே மனிதர் அந்தக் கூட்டத்தில் அவர்தான். கீபோர்டு வாசிக்கிற ஜெபிஷ் ஓடிவந்து திருகியை இறக்கினான். தோளில் யாருடைய கையோ பட்டதும் இவர், "ஆமென்" என்றார்.

சபை சிரித்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அடுத்த மாசத்துல இருந்து ஜெபிஷும் ஒங்ககூட நிக்கட்டும், ஒத்தாசைக்கு" என்று சபைச் செயலாளர் மரியாதையாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் இவர், "அந்தப் பய கொண்டுவந்த மைக் ஒயரு சவத்துக்கு ஆவாது" என்றார். மறுநாளே நாகர்கோவில் போய் மூன்றாவது கேபிளோடு திரும்பினார். இரண்டு முனையிலும் தங்க முலாம். ஒரு வாரம் நெய்மீன் வாங்குகிற காசு. வெளிச்சம் போகிற ஒயருக்குத் தங்கம் எதற்கு என்று கோலப்பனே தடுத்துப் பார்த்திருக்கிறார். இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

"நான் பலவாட்டி சொல்லியாச்சு டீச்சர். இது பழைய ஒயரு மாதிரி இல்ல. நல்லா இருந்தா முழுசா வரும். கேடு இருந்தா விட்டு விட்டு வரும், இல்லேன்னா ஒண்ணுமே வராது. 'ஸ'வ மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டு மிச்சத்த அனுப்பாது. அண்ணாச்சி சிரிச்சுக்கிட்டே தலையாட்டுவாவ. கேட்டுட்டுதான் ஆட்டுறாவன்னு நெனச்சேன்."

தங்க முனையும் 'ச'வைக் கொண்டுவரவில்லை. போன வாரம் எனக்கு டாக்டரிடம் மறுபடி போக வேண்டியிருந்தது. இவர் மூன்று கேபிளையும் தீப்பெட்டிப் பெட்டியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, "ஒனக்குக் காட்டிட்டு அப்பிடியே கோலப்பனுக்கக் கடைக்கும் போவோம். அங்க புது செட்டுல மாட்டிப் பாத்தா தெரிஞ்சு போவும்" என்றார். பஸ்ஸில் பை அவர் மடியில் இருந்தது. என் தொண்டை ரிப்போர்ட் என் மடியில் இருந்தது.

டாக்டரம்மா பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். தடிப்பு கூடியிருக்கிறது. இனி ஒரு வார்த்தை பேசக்கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது, அடுத்த முறை வரும்வரை முழு மௌனம், அப்போதும் வற்றாவிட்டால் ஆபரேஷன்தான் என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பினார். டாக்டரம்மாவின் முகத்தில் மாஸ்க்.

"வீட்ல இவங்க யார்கிட்ட இவ்வளவு சத்தம் போட்டுப் பேசுறாங்க?"

இவர் பணிவாக, "சாப்பாட்டுக்குப் பெறவுதான் குடுக்கேன் டாக்டர்" என்றார்.

டாக்டரம்மா இன்னொரு முறை கேட்டார். "காரம் கொறச்சாச்சு" என்றார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், சின்னப் பெண், அடக்கத்தான் பார்த்தாள். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அந்த நர்ஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை அவர் எங்கே பார்த்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மரச்சீனிக் கூடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தது அது. எனக்கு எதையாவது சொல்லி அந்தச் சிரிப்பை மூடிவிட வேண்டும்போல் இருந்தது, ஆனால் வாயைத் திறக்கக்கூடாது என்று அப்போதுதானே சொல்லியிருந்தார்கள்.

கோலப்பன் கடைக்குப் போகிறவரை இரண்டு பேரும் பேசவில்லை. எனக்குத் தடை. அவருக்கு என்ன என்று நான் கேட்கவும் முடியாது.

கடையில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு புது செட் வைத்திருந்தார்கள். கோலப்பன் தங்க முனையை மாட்டி, செய்தியைப் போட்டார். ஒரு பெண் வாசித்தாள். சத்தம் தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது. இவர் கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இதுலயும் 'ஸ' வரல்லியே" என்றார்.

"வருதே அண்ணாச்சி" என்றார் கோலப்பன், கொஞ்சம் உரக்கவே.

இவர் என்னைப் பார்த்தார். "வருதா?"

நான் தலையாட்டினேன்.

அவர் தங்க முனையைக் கழற்றிவிட்டு நைலான் கேபிளை மாட்டினார். என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். அதைக் கழற்றிவிட்டு முதலில் வாங்கிய விலை குறைந்த கேபிளை மாட்டினார். தலையாட்டினேன். பெட்டியை மாற்றினார். கோலப்பனிடம் கேட்டு வேறு ஸ்பீக்கரில் கொடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்தார், ஒவ்வொரு முறையும் நான் அதே தலையை அதே மாதிரி ஆட்டினேன். கொஞ்சம் பொய் சொன்னால் என்ன என்று ஒருமுறை தோன்றியது. இல்லை என்று தலையை ஆட்டிவிட்டால் அவர் நாலாவது கேபிள் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்கு வருவார். என்னால் முடியவில்லை. களைத்துப்போயிருந்தேன்.

மாற்றுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. கேபிள்கள் மூன்றும் மேஜைமேல் கிடந்தன. பெட்டி கிடந்தது. செட்டும் வேறு, ஸ்பீக்கரும் வேறு, கடையும் வேறு, ஊரும் வேறு. அவர் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் பார்த்தார். கோலப்பன் குனிந்து மேஜைக்கு அடியில் எதையோ தேடுகிற மாதிரி நேரம் போக்கிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

"ஒயருக்கு ஒரு கேடும் இல்ல தம்பி" என்றார் இவர் கடைசியில். அந்த விலை குறைந்த கேபிளை மட்டும் முறுக்காமல் பெரிய வளையமாகச் சுற்றிப் பையில் வைத்தார். மற்ற இரண்டையும் எடுக்கவில்லை. கோலப்பன் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. நான்தான் போய் வாங்கிவந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேபிளை டிவியில் மாட்டினார். ஆனால் போடவில்லை. நான் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன், குடித்தார். விளக்கு வைத்தேன். பாய் விரித்தேன். பாட்டு கிடையாது, என்னால் பாட முடியாது. வேதத்தை அவர் வாசித்தார். பிறகு வழக்கம்போல் இரண்டு பேரும் முழங்காலில் நின்றோம். கண்ணை மூடினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. அவர் நான் ஆரம்பிக்கக் காத்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிக்க முடியாது என்பது சற்றுப் பொறுத்துத்தான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார். கலியாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அவர் வாய்விட்டு ஜெபித்ததில்லை.

"ஆண்டவரே" என்றார். நிறுத்தினார். மறுபடி, "ஆண்டவரே, இவளுக்கத் தொண்டைக்கு செரியில்ல. நல்ல தொண்டையாக்கும். பிள்ளையளுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தது. நான்தான் அதக் கெடுத்துப் போட்டேன்." பிறகு வெகுநேரம் மூச்சு மட்டும் வந்தது. "எல்லாத்தயும் மாத்திப் பாத்தாச்சு. ஒயருக்கு ஒரு கேடும் இல்ல."

அவ்வளவுதான் அவருக்கு வந்தது. கோர்வையாக வராது என்று முதல் நாளே சொன்னவர்தானே.

இனி ஆமென் என்னுடையது. கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அவர் மன்னிக்கட்டும், இதற்குச் சொல்லாமல் வேறு எதற்குச் சொல்வது? "ஆமென்" என்றேன். காற்றும் கரகரப்புமாக, ஆனால் வந்தது.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. தலைகுனிந்து, கை கோத்து, காத்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு முறை சொன்னேன். அப்போதும் காத்திருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டேன்.

கண்ணைத் திறந்து என் வாயைப் பார்த்தார்.

"சொல்லியாச்சா சத்தியம்?" என்றார். "எனக்குக் கேக்கல்ல."